ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்த பிறகு, வீட்டுக் கணினி பற்றி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



மெயின்டனன்ஸ் கணக்கு, லாரித் தண்ணீர், லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதல் நன்றி. காபி வருகிறது என்று செயலாளர் சொன்னதால்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாலும் நன்றிதான்.

என்னை ஏன் பேசச் சொன்னார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நம் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு செய்தி வரும். "பிரிண்டர் சாஃப்ட்வேர் ஏற மாட்டேங்குது, யாராவது வர முடியுமா?" "பையனோட காலேஜ் சாஃப்ட்வேர் பாதியில நின்னுடுது." "டேலி போடறப்ப எரர் வருது." நான் போவேன், இல்லையென்றால் சி பிளாக் தம்பிகள் யாராவது போவார்கள். இன்றைக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவை சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மாடி டீச்சரை எல்லோருக்கும் தெரியும். அவரிடம் கேட்டு, "சொல்லுங்க தம்பி, நாலு பேருக்கு உதவும்" என்று அவர் சொன்ன பிறகுதான் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், சார் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்த சமயம். வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு வீடியோவில் தமிழ் சொல்லிக்கொடுக்க டீச்சர் ஆசைப்பட்டார். சார் வாங்கி வைத்த டெஸ்க்டாப் வீட்டில் இருந்தது. அதில் வீடியோ அழைப்புக்கான மென்பொருளை ஏற்ற என்னைக் கூப்பிட்டார். பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். பாதியில் நின்றது. திரும்பப் போட்டேன், நின்றது. அரை மணி நேரத்தில் பொறுமை போய்விட்டது. "டீச்சர், சிஸ்டம் பழசாயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றேன். "முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "டி டிரைவ்ல வெச்சிருக்கேன்னு அவர் சொல்வார்" என்றார். டி டிரைவை நகல் எடுத்தேன். சி டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி போட்டேன்.

போட்ட பிறகும் அதே மென்பொருள் அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் பிரவுசரைத் திறந்தேன். "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று அது சொன்னது. மூலையில் தேதியைப் பார்த்தால் பத்து வருடத்துக்கு முந்தைய ஜனவரி 1. மதர்போர்டில் காசு அளவில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். அது செத்துப்போயிருந்தது. மாற்றினேன், தேதி சரியானது, மென்பொருள் இரண்டே நிமிடத்தில் ஏறியது.

சார் பாடிப் பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகள் டெஸ்க்டாப் திரையிலேயே ஒரு ஃபோல்டரில் இருந்தன. திரையில் தெரிவதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கும். இதைத் தெரிந்திருக்க வேண்டியவன் நான், டீச்சர் இல்லை. அழித்த இடத்தின் மேலேயே புதிய விண்டோஸ் எழுதப்பட்டுவிட்டதால் மீட்க முடியவில்லை. படங்கள் சில உறவினர்களின் போன்களிலிருந்து திரும்பக் கிடைத்தன. பாட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டீச்சர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஒரு மென்பொருள் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சின்னது. அந்தச் சின்னதை வரிசையாகத் தேட வேண்டும். பெரிய வைத்தியம் கடைசியில்.

குடிவருவது மாதிரிதான்

இன்ஸ்டால் என்றால் என்ன? ஒரு புதுக் குடும்பம் நம் குடியிருப்புக்கு வீடு மாறி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான் லாரி முழுசாக வந்து சேர வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி விட வேண்டும். வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். வீட்டில் இடம் இருக்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் ஏசிக்கு ஏற்ற பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். பழைய குடித்தனக்காரர் பீரோவை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது. அதே நேரத்தில் லிஃப்டில் வேறொருவர் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது. இதில் எது தடைப்பட்டாலும் குடிவருவது நின்றுவிடும். அதற்காக யாரும் கட்டடத்தை இடித்துக் கட்டுவதில்லை. நான் டீச்சர் வீட்டில் செய்தது அதுதான்.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ரீஸ்டார்ட். சிரிக்காதீர்கள், இதற்குக் காரணம் இருக்கிறது. முந்தைய அப்டேட் ஒன்று பாதி வேலையை அடுத்த துவக்கத்துக்காக ஒத்திவைத்திருக்கலாம். அது முடியாமல் புதியதை ஏற்ற முடியாது. "நான் தினமும் ஆஃப் பண்ணித்தானே ஆன் பண்றேன்" என்பீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கினால், ஷட் டவுன் கொடுக்கும்போது கணினி தன் நினைவில் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு தூங்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து புதிதாக எழும். அதனால் ஷட் டவுன் போதாது, ரீஸ்டார்ட்டைத்தான் அழுத்த வேண்டும்.

இரண்டாவது, தேதியும் நேரமும். இணையத்தில் ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் தன்னை நிரூபிக்கிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடியும் தேதியும் உண்டு. உங்கள் கணினியின் காலண்டர் தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாத சான்றிதழாகத் தெரியும். பிறகு எப்படி டவுன்லோடு ஆகும்? செட்டிங்ஸில் நேரம் பற்றிய பகுதிக்குப் போய் "சிங்க் நவ்" அழுத்துங்கள். ஒவ்வொரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னால் போகிறது என்றால் பேட்டரியை மாற்றுங்கள்.

மூன்றாவது, லாரி முழுசாக வந்ததா? மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது நடுவில் சிக்னல் போனால் கோப்பு பாதியில் நிற்கும். பெயரைப் பார்த்தால் முழுசு மாதிரியே இருக்கும். தளத்தில் போட்டிருக்கும் அளவையும் உங்களிடம் இருக்கும் கோப்பின் அளவையும் ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஒரே கோப்பைப் பத்துத் தடவை கிளிக் செய்து பலனில்லை. முடிந்தால் அந்த ஒரு டவுன்லோடுக்காவது வைஃபையை விட்டுவிட்டு லேன் வயரைச் செருகுங்கள்.

நான்காவது, இடம். 2 ஜிபி மென்பொருளுக்கு 2 ஜிபி இடம் போதாது. இறக்கிய கோப்பு ஒரு பக்கம், அதைப் பிரித்துப் போடும் தற்காலிக இடம் ஒரு பக்கம், கடைசியில் உட்காரும் இடம் ஒரு பக்கம். ஆகவே குறைந்தது மூன்று மடங்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். டி டிரைவில் போடச் சொன்னாலும் பிரித்து வைப்பது பெரும்பாலும் சி டிரைவில்தான் நடக்கும். டி-யில் இடம் கொட்டிக் கிடக்க, சி நிரம்பியதால் நின்றுபோவதை நம் பிளாக்கிலேயே பல வீடுகளில் பார்த்துவிட்டேன். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் டெம்பரரி ஃபைல்ஸ் இருக்கும், அதைச் சுத்தம் செய்யலாம். அதில் டவுன்லோட்ஸ் என்று ஒரு வரியும் இருக்கும். அதை டிக் செய்யும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். பத்திரத்தின் ஸ்கேன் நகல் அதற்குள் இருக்கலாம்.

ஐந்தாவது, சம்மதம். வீட்டில் மகன் அட்மினிஸ்ட்ரேட்டர், அம்மா அப்பா சாதாரணப் பயனர் என்று வைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏற்றும்போது அட்மின் கடவுச்சொல் கேட்கும். மகன் பெங்களூரில் இருந்தால் வேலை நின்றுவிடும். கடவுச்சொல்லை எழுதி ஆதார் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள், மானிட்டரில் ஒட்டாதீர்கள். அட்மினாக இருந்தும் "அனுமதி மறுக்கப்பட்டது" என்றால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துப் பாருங்கள்.

ஆறாவது, பிளக் பாயின்ட். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் போனால் உங்கள் கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும். 64 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. அதே பக்கத்தில் "எஸ் மோட்" என்று போட்டிருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதை மட்டும்தான் அது அனுமதிக்கும். தள்ளுபடியில் வாங்கிய சில லேப்டாப்களில் இப்படி வரும். எஸ் மோடிலிருந்து இலவசமாக வெளியே வரலாம், ஆனால் வந்த பிறகு திரும்ப உள்ளே போக முடியாது.

ஏழாவது, துணைச் சாமான். சில மென்பொருள்கள் தனியாக வாழாது. டாட்நெட் வேண்டும், விஷுவல் சி பிளஸ் பிளஸ் வேண்டும், ஜாவா வேண்டும் என்று கேட்கும். நம்மிடையே ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு இது அனுபவம். டிஜிட்டல் கையெழுத்து டோங்கிளைச் செருகினால் மட்டும் போதாது. டோங்கிளுக்கான டிரைவர், ஜாவா, ஈஎம்சைனர் மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேதி நெருங்கும் நேரத்தில் கையெழுத்து விழாது. எனவே கடைசி நாள் ராத்திரி இதைத் தொடங்காதீர்கள்.

எட்டாவது, பழைய பீரோ. முந்தைய பதிப்பை டெலீட் பட்டனால் அழித்திருப்பீர்கள். அது ஐகானையும் ஃபோல்டரையும்தான் எடுக்கும். பதிவேட்டில் அது இன்னும் குடியிருக்கும். ஆகவே எப்போதும் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருப்பதும் இதே கதைதான். ஒரு கேட்டுக்கு இரண்டு சங்கம் போட்ட இரண்டு செக்யூரிட்டி மாதிரி, ஒருவர் விட்டால் இன்னொருவர் நிறுத்துவார். ஒன்று போதும்.

ஒன்பதாவது நம் தமிழர்களுக்கே உரியது. ஆசையாகப் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்போம். கணினி அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் உருவாக்கிவிடும். சில பழைய மென்பொருள்களுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறு படிக்கத் தெரியாது. வழி புரியாமல் நின்றுவிடும். அதற்காகத் தமிழை விட வேண்டாம். ஆங்கில எழுத்தில் இன்னொரு பயனர் கணக்கு உருவாக்கி அங்கிருந்து ஏற்றிப் பாருங்கள்.

இந்த ஒன்பதையும் பார்க்கும்போது ஒரு விதி. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஏற்றிப் பார்க்க வேண்டும். நான்கை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரி செய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று தெரியாது.

எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்

எரர் வந்ததும் நாம் செய்யும் முதல் வேலை "ஓகே" அழுத்துவது. ஜுரத்தைத் தெர்மாமீட்டரில் பார்க்காமலே உதறிவிடுவது போல. போனில் ஒரு படம் எடுங்கள். அதிலிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

1618 என்றால் இன்னொரு இன்ஸ்டாலேஷன் நடந்துகொண்டிருக்கிறது, லிஃப்டில் ஆள் இருக்கிறது என்று பொருள். காத்திருங்கள், அல்லது ரீஸ்டார்ட். 1619 என்றால் கோப்பைத் திறக்க முடியவில்லை. பெரும்பாலும் பாதி டவுன்லோடு அல்லது தப்பான இடம். 1633 என்றால் இந்த வகைக் கணினிக்கு அந்தப் பொதி ஆகாது. 1638 என்றால் வேறு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. 3010 வந்தால் பயப்படவே வேண்டாம். வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 80070005 என்று முடிந்தால் அனுமதிக் குறை, 80070070 என்று முடிந்தால் இடக் குறை. 1603 மட்டும் "வயிற்று வலி" மாதிரி, காரணம் பல இருக்கலாம். அது வந்தால் மேலே சொன்ன ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

மின்சாரம் போய்ப் போய் வந்ததில் விண்டோஸின் சொந்தக் கோப்புகளே சேதமாகியிருக்கலாம். அதைச் சரிபார்க்க டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி என்று இரண்டு கருவிகள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. முதலில் டிஐஎஸ்எம், பிறகு எஸ்எஃப்சி. இதில் உங்கள் கோப்புகள் எதுவும் அழியாது. ஆனால் கட்டளை தட்ட வேண்டியிருக்கும் என்பதால் சி பிளாக் தம்பிகளைக் கூப்பிடுங்கள்.

பழைய பெட்டிகள்

நம் வீடுகளில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் நிறைய இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். எல்காட் வாங்கிக் கொடுத்த ஆரம்பகால லேப்டாப்களில் இரண்டு இயங்குதளம் இருந்தது. ஒன்று விண்டோஸ் 7, மற்றொன்று பாஸ் லினக்ஸ். இந்த பாஸ், சென்னை சிடாக் நிறுவனத்தில் உருவானது. பிள்ளைகள் தெரியாமல் பாஸில் நுழைந்து, விண்டோஸுக்கான எக்ஸி கோப்பைக் கிளிக் செய்துவிட்டு "லேப்டாப் ரிப்பேர்" என்று ஓரம் கட்டிவிடுவார்கள். லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல் வண்டியில் டீசல் ஊற்றப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் 2023-இல் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஆகவே அதில் புதிய குரோம் ஏறாது. நீங்கள் எத்தனை முறை முயன்றாலும் ஏறாது. அது உங்கள் தப்பும் இல்லை, கணினியின் தப்பும் இல்லை.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே புதுக் கணினி வாங்கக் கிளம்பாதீர்கள். பல கணினிகளில் அது இருக்கும், பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பார்க்கத் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். நிஜமாகவே இல்லை என்றால், பிரவுசிங், டைப்பிங், வீடியோ அழைப்பு மட்டும் செய்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் சுகமாக ஓடும். எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ரிச்சி தெருவுக்குப் போகும் முன் இதையும் யோசியுங்கள்.

ஏற்ற வேண்டுமா என்றே கேளுங்கள்

சில சமயம் ஏற்றவே தேவையில்லை. தமிழ் டைப் செய்ய எங்கிருந்தோ ஒரு மென்பொருளை இறக்கி அவதிப்படுகிறார்கள். 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இல் உச்சரிப்பு முறைத் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பும் விண்டோஸ் 11-இல் கிடைக்கிறது.

சில சமயம் ஏறியிருக்கும், நமக்குத்தான் தெரியாது. ஓய்வூதியக்காரர்கள் கவனியுங்கள். ஜீவன் பிரமாண் வாழ்நாள் சான்று 2014 நவம்பரில் வந்தது. 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே போனில் கொடுக்கலாம். அதற்கு ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் ஃபேஸ்ஆர்டி என்ற செயலியும் வேண்டும். இந்த இரண்டாவது செயலிக்குத் திரையில் ஐகான் வராது. பின்னணியில்தான் வேலை செய்யும். "இன்ஸ்டால் ஆச்சுன்னு சொல்லுது, ஆனா காணோம்" என்று நவம்பர் மாதம் நான்கு பேர் என்னிடம் போனை நீட்டினார்கள். காணாமல் போகவில்லை. ஜீவன் பிரமாணைத் திறந்தால் அதுவே கூப்பிட்டுக்கொள்ளும்.

யாரைக் கூப்பிடுவது?

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நம் குடியிருப்பில் ஒரு பெரியவர், அவரும் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன். பிரிண்டர் மென்பொருள் ஏறவில்லை. இணையத்தில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினார். மேலே வந்த எண்ணை அழைத்தார். மரியாதையாக ஒருவர் பேசினார், தூரத்திலிருந்து இயக்கும் ஒரு செயலியை ஏற்றச் சொன்னார். ஏற ஏற மாட்டேன் என்ற கணினியில் அது மட்டும் உடனே ஏறியது. பிறகு ஈவென்ட் வியூவர் என்ற பக்கத்தைத் திறந்து வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி, "பாருங்க சார், வைரஸ். நெட் பேங்கிங்ல சர்வீஸ் சார்ஜ் கட்டுங்க, சரி பண்ணிடறோம்" என்றார். பெரியவர் பயந்து வங்கிப் பக்கத்தைத் திறந்துவிட்டார். அந்த நேரம் வீட்டுக்கு வந்த மருமகள் ரௌட்டரின் சுவிட்சை அணைத்தார். ஒரு பைசா போகவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது.

அந்தச் சிவப்புக் குறிகள் எல்லாக் கணினியிலும் இருக்கும். என்னுடையதிலும் இருக்கிறது. ஆரோக்கியமான கணினியும் சின்னச் சின்னத் தடங்கலை அதில் குறித்து வைக்கும். உதவி எண் வேண்டுமென்றால் பொருளோடு வந்த கையேட்டிலோ, நீங்களே முகவரி தட்டித் திறந்த நிறுவனத் தளத்திலோ பாருங்கள். தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். தெரியாத யாருக்கும் திரையைக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இதன் மறுபக்கம், திருட்டு மென்பொருள். ஒரிஜினல் ஏறவில்லை என்றதும் "கிராக் இருக்கு, ஆன்டிவைரஸை மட்டும் ஆஃப் பண்ணு" என்று பிள்ளைகளுக்கு நண்பர்கள் சொல்வார்கள். செக்யூரிட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு லாரியை உள்ளே விடு என்று ஒருவர் சொன்னால் நாம் கேட்போமா? படிக்கும் பிள்ளைகளுக்குப் பல நிறுவனங்கள் கல்லூரி மின்னஞ்சலில் இலவசமாகவே தருகின்றன. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரேஆஃபீஸ் இலவசம்.

அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்துவதும் வேண்டாம். 2017 மே மாதம் வானாகிரை உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அப்டேட்டிலும் தப்பு வரும், மறுக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கே அந்தக் கதி என்றால், நமக்கு ஒரே பாதுகாப்பு நகல்தான்.

கடைசியாக

நகல் என்பது வெளியே இருக்க வேண்டும். டி டிரைவ் நகல் இல்லை, அது அதே டிஸ்கின் இன்னொரு அறை. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அல்லது பென் டிரைவ், அல்லது கிளவுட். மாதம் ஒரு முறை, மெயின்டனன்ஸ் கட்டும் தேதியில் எடுங்கள், மறக்காது. எடுத்ததும் வேறு கணினியில் செருகி ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல்.

உங்கள் வீட்டுக்கு வந்து யாராவது, நானே ஆனாலும் சரி, "ஃபார்மேட் போட்டுடலாம்" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எரர் எண் என்ன? தேதி, இடம், அனுமதி பார்த்தாச்சா? டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் நகல் எடுத்தாச்சா? மூன்றுக்கும் பதில் வரும் வரை விடாதீர்கள்.

சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எரர் எண், எப்போது வந்தது, கடைசியில் எது சரி செய்தது என்று எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும். சி பிளாக் தம்பிகள் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அலுவலகத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பரீட்சை நேரத்தில் நான் உட்காருவேன்.

டீச்சர் இப்போதும் அதே டெஸ்க்டாப்பில்தான் பேரனுக்குப் பாடம் எடுக்கிறார். பையன் தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டான். மாதா மாதம் முதல் தேதி எனக்கு ஒரு செய்தி வரும்: "தம்பி, நகல் எடுத்துட்டேன்." அதைப் பார்த்த பிறகுதான் நான் என்னுடையதை எடுக்கிறேன்.

காபி வந்துவிட்டது.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டு.)

"விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது" என்று நீலத் திரை வருகிறது. அது வைரஸா?

இல்லை. அது ஸ்மார்ட்ஸ்கிரீன், நம் கேட் செக்யூரிட்டி. அவருக்கு அறிமுகமில்லாத கோப்பு என்றுதான் சொல்கிறார். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே இறக்கியது என்றால் "மோர் இன்ஃபோ" அழுத்தி, வெளியிட்டவர் பெயரைப் பார்த்துவிட்டு அனுமதிக்கலாம். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த கோப்பு என்றால் அழித்துவிடுங்கள்.

ஏறும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது?

மின்சாரம் வந்ததும் அதே இன்ஸ்டாலரை மறுபடி இயக்குங்கள். "ரிப்பேர்" என்று கேட்டால் அதைக் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, புதிதாக ஏற்றுங்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் விண்டோஸ் அப்டேட்டைத் தொடங்க வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.